வால் வைத்த கார்

கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. பழைய தோலும், உலராத ஈரமும், அதை மறைக்க யாரோ தெளித்த செண்டும் கலந்த வாசம். கண்டியில், பேராதனை வீதியோரத்துக் கார் சேல் ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். தம்பி மகன் பார்த்து வைத்திருந்தது கறுப்பு நிற ஜெர்மன் கார். வயது பத்தைத் தாண்டியிருந்தாலும் மெருகு குறையவில்லை. "ஏறி உக்காந்து பாருங்க பெரியப்பா" என்றான். நான் உட்காரவில்லை. குனிந்து, முன் இருக்கையின் கீழ் விரித்திருந்த கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன்.

"என்ன தேடுறீங்க?"

"உங்க தாத்தா இப்பிடித்தான் பாப்பாரு."

விரல் நுனியில் லேசான ஈரம் ஒட்டியது. அந்த ஈரத்தோடு ஐம்பது வருஷத்துக்கு முந்திய கார் கொட்டகை ஒன்றும் வந்துவிட்டது.

அப்பா கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பங்களா டைவர். தவலந்தென்னையிலிருந்து கிளம்பி, தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் கரத்தை ரோட்டின் முடிவில் பெரிய துரையின் பங்களா. அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதற்குள் நின்றது மெர்சிடிஸ் பென்ஸ் 220எஸ். 1 ஸ்ரீ இலக்கத் தகடு, பாலேட்டு நிறம், பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் செட்டை மாதிரி மேலெழும்பிய தகடு. லயத்துப் பிள்ளைகளுக்கு அது 'வால் வச்ச காரு'. ஆறு சிலிண்டர், இரண்டு காபரேட்டர், கியர் கம்பி ஸ்டியரிங்கோடு சேர்ந்திருக்கும். வேகம் காட்டும் கருவி வட்டமாக இல்லாமல் வெப்பமானி போல நெட்டுக்குத்தாக இருந்தது. மெதுவாகப் போனால் மஞ்சள், வேகம் கூடினால் மஞ்சளும் சிவப்பும் வரிவரியாக, இன்னும் கூடினால் முழுச் சிவப்பு. எங்கள் ரோட்டில் அது மஞ்சளைத் தாண்டி நான் பார்த்ததில்லை. துரையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும்போது அவிசாவளைக்கு அப்பால் ஒருமுறை முழுச் சிவப்பைக் கண்டதாக அப்பா சொல்வார். கடலைக் கண்டவர் கடலைப் பற்றிச் சொல்வது போல இருக்கும் அது.

அந்தக் காரில் துரை வரும்போது ரோட்டில் நடப்பவர்கள் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், வடிகானோரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் குடை மடங்கியே ஆக வேண்டும். கொழுந்துக் கூடையோடு வரும் அம்மாவும் அப்படித்தான் நின்றாள், தன் புருஷன் ஓட்டிவரும் காருக்கு. அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி இருவரும் பேசிக் கேட்டதில்லை.

துரை ஊருக்குத் திரும்பும் பேச்சு எழுபதுகளின் நடுவில் கிளம்பியது. 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று எல்லை வைத்தது. அடுத்தது கம்பனித் தோட்டங்கள்தான் என்று பெரட்டுக்களத்திலேயே பேசிக்கொண்டார்கள். 1975இல் அது நடந்தது. அதற்கு முந்திய வருஷமே எங்கள் துரை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். பியானோ போனது, நாய்கள் போயின, கடைசியில் காரும் விலைக்கு வந்தது.

கேட்டு வந்தவர் பஜாரில் புடவைக் கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருந்த முதலாளி. புதுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட அடைபட்டிருந்த காலம். நாட்டுக்குள் இருக்கும் கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. பழங்காரின் விலை வருஷா வருஷம் ஏறியதே தவிர இறங்கவில்லை. நகை வாங்கி வைப்பதைவிடக் கார் வாங்கி வைப்பது நல்லது என்றுகூடச் சொன்னார்கள்.

வாங்கலாமா வேண்டாமா என்று பேசிய அந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைப் பலகைகளை அடைத்தபின் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார் முதலாளி. நானும் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக் கணக்கப்பிள்ளை சீனி மடிக்கும் தடித்த தாளை விரித்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் 'வாங்க', மறு பக்கம் 'வேண்டாம்'. பெற்றோல்மக்ஸ் விளக்கு உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

வாங்க என்ற பக்கம் சீக்கிரம் நிரம்பியது. ஒரே கை பார்த்த கார். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய கணக்குப் புத்தகத்தோடு வருகிறது. விலை இறங்காது. கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் சரக்கெடுக்கப் போகிறவருக்குக் கடன் தருகிற மொத்த வியாபாரிகளிடத்தில் மதிப்பு கூடும். இதைச் சொல்லும்போது முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கணக்கப்பிள்ளை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

வேண்டாம் என்ற பக்கத்துக்கு அப்பாதான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மலையில் கலனுக்குப் பதினைந்து மைல் கிடைத்தால் பெரிசு. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்ததில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் 3 டொலர் சொச்சத்திலிருந்து 12 டொலரை எட்டியிருந்தது; இங்கே பெற்றோல் ஷெட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு விலை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இறம்பொடை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். உதிரிப் பாகத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் கிடைத்தால் உண்டு. இரண்டு காபரேட்டரும் ஒரே அளவில் காற்றிழுக்கும்படி வைக்கத் தெரிந்த கை வேண்டும். அப்பா அதற்கொரு ரப்பர் குழாய் வைத்திருந்தார். ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் காபரேட்டர் வாயிலும் வைத்து, இந்தப் பக்கத்து இரைச்சலும் அந்தப் பக்கத்து இரைச்சலும் ஒன்றாகும் வரை திருகாணியைத் திருப்புவார். டொக்டர் நெஞ்சு பார்க்கிற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எழுதி முடிந்தபோது, உள்ளறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளியம்மா பேசினார்கள்.

"எல்லாஞ் சரி. இந்தப் பஞ்சத்துல நம்ம அந்தக் காருல போயி எறங்குனா, லயத்துச் சனம் மொகத்த எப்பிடிப் பாக்குறது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. 1973, 74 ஆண்டுகளின் பசியை மலையகத்தில் வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அரிசி கூப்பனில் குறைந்தது. பாணுக்கும் மாவுக்கும் விடியுமுன்னே வரிசை. காட்டுக் கிழங்கு தோண்டித் தின்றவர்களும் உண்டு, தின்னக் கிடைக்காமல் செத்தவர்களும் உண்டு. கடையில் கடன் கொப்பி தடித்துக்கொண்டே போன வருஷங்கள் அவை. நன்மை தீமை எழுதிய அந்தத் தாளில் இருந்த எல்லாவற்றையும்விடக் கனமானது அந்த அம்மா கேட்ட கேள்விதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் காரைப் பார்க்க முதலாளி பங்களாவுக்கு வந்தார். துரை வராந்தாவில் பைப் புகைத்தபடி நின்றார். நல்ல விலை போனால் உனக்கும் ஏதாவது உண்டு என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். காரைச் சுற்றி வந்த முதலாளி கதவைத் திறந்து மூடினார். அந்தக் கதவு மூடும் சத்தம் இரும்புப் பெட்டி மூடுவது போல இருக்கும். அதிலேயே அவர் மனசு போய்விட்டது தெரிந்தது. "எப்பிடி டைவரண்ணே?" என்றார்.

அப்பா பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். விரித்திருந்த பாயை ஒதுக்கி, முதலாளியின் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். பின் கண்ணாடி ரப்பர் வழியாகக் கசிந்த மழைத் தண்ணீர் தகட்டைத் தின்றிருந்தது. அழுத்தினால் விரல் கீழே போகும். "ரெண்டாங் கியரும் இறக்கத்துல சிலநேரம் தானா வெளிய வந்துரும், மொதலாளி. மத்தபடி நல்ல மாடு" என்றார் அப்பா. துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துத் துரைமார் எல்லாருக்கும் தெரியும். பைப்பை வாயிலிருந்து எடுத்தார், பிறகு உள்ளே போய்விட்டார்.

விலை குறைந்தது, கார் கைமாறியது. துரை அப்பாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் புறப்படும் நாளில் தட்டச்சு அடித்த நற்சான்றுக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பிறகு அப்பா கொண்டுவந்து காட்டினார். கவனமான டைவர், நேர்மையானவர், சிலவேளை தேவைக்கு அதிகமாக நேர்மையானவர் என்று இருந்தது. நான் வாசித்துச் சொன்னதும் அப்பா அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கண்டியில் தம்பி மகன் தன் தாளைப் போனிலேயே வைத்திருந்தான். இவனுக்கும் அதே கதைதான் வேறு உருவத்தில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. இடையில் பழங்கார்களின் விலை ஆகாயத்துக்குப் போனது. வாங்கிய விலையைவிட இரண்டு மடங்குக்கு விற்றவர்களை எனக்கே தெரியும். இப்போது கதவு திறந்துவிட்டதே, விலை விழும், பொறுத்திரு என்றேன். அவன் கணக்குக் காட்டினான். நிறுத்தியபோது டொலர் 200 ரூபாவுக்குள், இப்போது 300. அதன் மேல் சுங்கமும் ஆடம்பர வரியும் காரின் சொந்த விலையையே மிஞ்சி நிற்கின்றன. புதுசை நம்மால் தொட முடியாது, ஆகவே பழசு அப்படி விழாது என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் 1977 என் நினைவிலிருந்து போகவில்லை.

அந்த வருஷம் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஜப்பான் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. டட்சன், டொயோட்டா, பிறகு டொல்பின் வேன். கலனுக்கு நாற்பது மைல், உதிரிப் பாகம் எந்தப் பட்டணத்திலும் கிடைக்கும். நகை போல வைத்திருந்த முதலாளியின் பென்ஸ் இரும்பு விலைக்கு வந்தது. துறைமுகம் மூடியிருக்கும் வரைதான் பழங்காரின் விலை நிற்கும். அது அந்தக் காரின் குணம் அல்ல, அரசாங்கத்தின் கைச்சாவி. சொகுசுக் காரைச் சேமிப்பாக நினைத்து வாங்குகிறவர்களிடம் நான் இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

ஆனால் அந்தக் கார் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். முதலாளியம்மா ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார்கள். ராத்திரி எந்த லயத்திலிருந்து யார் வந்து கதவைத் தட்டினாலும் கார் போக வேண்டும், காசு கேட்கக் கூடாது. தோட்டத்தில் நோயாளியைக் கொண்டுபோக அதுவரை இருந்தது கொழுந்து லொறி. பிரசவ வலியில் கிடப்பவளைச் சாக்கின் மேல் படுக்கவைத்து அந்தக் கல் ரோட்டில் கொண்டுபோவார்கள். புதுத் துரை சொந்த ஜீப்போடு வந்ததில் அப்பா தோட்டத்து லொறிக்கு மாறியிருந்தார். ராத்திரியில் கடைப் பையன் வந்து கூப்பிட்டால் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின் இருக்கையில் ஒயில் சீலை விரித்திருக்கும். அந்த ஸ்பிரிங் பள்ளத்தை எல்லாம் தானே விழுங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்குத் தொட்டில் மாதிரி ஒரு அசைவு மட்டும்தான் தெரியும் என்று போய்வந்த பெண்கள் சொல்வார்கள். பணிய லயத்துப் பொம்பளைப் பிள்ளை ஒன்று புசல்லாவைக்கு இப்பால் காருக்குள்ளேயே பிறந்துவிட்டது. அப்பா ரோட்டோரத்தில் காரை நிறுத்தி, லைட்டை அணைக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றாராம். அந்தப் பிள்ளையை லயம் முழுக்க 'பென்சு' என்றே கூப்பிட்டது. அவளுக்குப் பள்ளியில் பதிந்த பெயர் வேறு இருக்கிறது என்பதே பலருக்குக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வாரம் ஒருநாள், யாரும் கூப்பிடாமலே, அப்பா கடைக்குப் போவார். பொனட்டைத் திறந்து ரப்பர் குழாயைக் காதில் வைப்பார். கிரீஸ் துவக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுப்பார். அதற்குக் கூலி கிடையாது. ஒரு பிளேன்டி, ஒரு கறி பணிஸ். காரின் பதிவுப் புத்தகத்தில் துரையின் பெயரும் அடுத்து முதலாளியின் பெயரும் இருந்தன. அந்தக் காருக்கும் அப்பாவுக்கும் காகிதத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை.

சேல்காரரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். காரை மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்டியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் எங்களுக்குப் போதாது. முனகிக்கொண்டே தன் பையன் ஒருவனை ஏற்றிவிட்டார். கம்பளை, புசல்லாவை வழியாகப் போனோம். ஏற்றத்தில் அது ஏறிய விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சு வாங்காமல், சத்தம் போடாமல், யாரோ மேலிருந்து கயிறு கட்டி இழுப்பது போல ஏறியது. அந்தச் சுகம் உண்மையானது. அதற்காகத்தான் மனிதர்கள் இத்தனை காசைக் கொட்டுகிறார்கள்.

கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தினோம். இங்கே 1985இல் அணையை முடித்துத் தண்ணீரைத் தேக்கினார்கள். ஊர்களும் வயல்களும் கோயில் நிலங்களும் உள்ளே போயின. நீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றைக்கும் தலைகாட்டும். முதலாளி சரக்கெடுக்கப் போன ஊர்ப்பாதைகள் சில அந்தத் தண்ணீருக்கடியில்தான் இருக்கின்றன. கை நீட்டிக் காட்டினேன். தம்பி மகன் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வயசில் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

இறம்பொடையில் திரும்பி இறங்கும்போது கியரைத் தானாக மாற விடாமல் கையால் இரண்டுக்கு மாற்றச் சொன்னேன். "ஏறுன கியருலயே எறங்கு" என்பது அப்பாவின் பாடம். 2025 மே மாதத்தில் கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட சனம் போன இடத்தைக் கடக்கும்போது யாரும் பேசவில்லை. அதற்குக் கீழேயிருந்த வளைவில் முன்சக்கரப் பக்கம் ஒரு 'டொக்' கேட்டது. சேல்காரப் பையன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

கம்பளையில் எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவர் இருக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, கண்ணாடிப் பலகை போன்ற திரையில் பார்த்தார். எஞ்சின் கணினியில் பழுதுக் குறி ஒன்றும் இல்லை. "அழிச்சிட்டு வந்திருப்பாங்க மாஸ்டர், இது அஞ்சு நிமிச வேல" என்றார். பிறகு அவர் சொன்னதையெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். இந்த மாதிரி டீசல் காரில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி தானே எரிந்து போகும். முப்பதிலும் நாற்பதிலும் ஊரும் நம் ரோட்டில் அது அடைத்துக்கொள்ளும். கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் ஆட்டோ டீசல்தான் நிச்சயமாகக் கிடைப்பது. சில எஞ்சின்களில் டைமிங் செயின் பின்பக்கம் இருக்கும், அதை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். பெட்டரி மாற்றினால்கூடக் கணினிக்குச் சொல்லிப் பதிய வேண்டும். ஸ்பெயார் டயர் கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் டயர் போட்டிருக்கிறார்கள், அது பள்ளத்தில் இடிபட்டால் ரிம்மோடு போகும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் கிடைக்கும். ஆனால் எந்த விபத்துக் காரிலிருந்து கழற்றியது என்று யார் சொல்வது? கார் விலை ஒருமுறை கொடுப்பது, மாஸ்டர், மத்ததெல்லாம் மாசா மாசம் என்றார் பாஸ். அவர் வேலைக்கு இந்தக் கார்கள்தான் நல்ல வருமானம். அப்படியிருந்தும் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் முன் பெட்டியைக் குடைந்தேன். இன்சூரன்ஸ் அட்டை, ஒரு சின்ன அந்தோனியார் படம், அதற்கடியில் மடித்து வைத்த ரன்னிங் சாட் தாள்கள். கம்பனிக் காராக ஓடியிருக்கிறது. திகதி, புறப்பட்ட இடம், போன இடம், மீட்டர் இலக்கம், அடித்த எண்ணெய் எல்லாம் கோடு விலகாத கையெழுத்தில். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டைவர்' என்று மட்டும். கடைசித் தாளின் பின்னால் ஒரு போன் இலக்கம்.

தம்பி மகன் வேண்டாமென்றான், அது சரியில்லை என்றான். நான் அடித்தேன். எடுத்தவர் ஹட்டன் பக்கத்துக்காரர். கொழும்பில் ஏழு வருஷம் அந்தக் காரை ஓட்டியிருக்கிறார். யார், ஏன் என்று சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க சேர்?" என்றார். கொத்மலை, தோட்டத்து ரோடும் உண்டு என்றேன்.

அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. கியர் எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று கம்பனியில் சொன்னாலும் தான் அடம்பிடித்து இரண்டு முறை மாற்றவைத்தது. மீட்டர் சரி, தன் சாட்டோடு ஒத்துப் பார்க்கலாம். 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போய், கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது எட்டு மாசம் அது கொட்டகையிலேயே நின்றது. அப்போது எலி வயரைக் கடித்தது, சரியாகக் கட்டவில்லை. மழைத் தண்ணீர் போகும் குழாய் ஒன்று அடைத்து உள்ளே ஈரம் ஏறியது. முன் இடது பக்கம் அந்த 'டொக்' அப்போதிருந்தே உண்டு. "ஐயாகிட்ட சொன்னேன் சேர். விக்கத்தானே போறோம்னுட்டாரு."

போனை வைத்த பிறகு கராஜ் வாசலில் நானும் தம்பி மகனும் வெகுநேரம் நின்றோம். அவனுக்கு அந்தக் கார் ஏன் வேண்டும் என்பதை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னான். அப்பா கார் ஓட்டிய அந்தப் பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. அதன் முன்வாசலில் இந்த மாதிரி ஒரு காரை நிறுத்தி, தன் அப்பாவையும் அம்மாவையும் இறக்கி, ஒரு ராத்திரி அங்கே தங்க வைக்க வேண்டுமாம். குடையை மடக்கிக்கொண்டு வடிகானோரம் நின்ற சனத்தின் பேரன் அவன். 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவைத் தொட்டது. அதற்கே எத்தனை வருஷப் போராட்டம். அந்த லயத்திலிருந்து படித்து மேலே வந்த பிள்ளைக்கு இந்த ஆசை இருக்கக் கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். கணக்கப்பிள்ளை எழுதாமல் விட்ட முதலாளியின் முகமலர்ச்சி இதுதான். என்னைக் கேட்டால் அதை வாங்க என்ற பக்கத்தில், முதல் வரியாக எழுதுவேன்.

எழுதியும், வேண்டாம் என்ற பக்கமே கனத்தது. வயரும் ஈரமும் சேர்ந்தால் எப்போது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அது நிற்கும் இடம் கொழும்பாக இருந்தால் பரவாயில்லை. இறம்பொடை வளைவில் பனி மூடிய ராத்திரியாக இருந்தால்? கடனும் பாதிக்கு மேல். பங்களாவுக்கு ஒருநாள் வாடகைக் காரில் போவோம், நானும் வருகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினான்.

முதலாளியின் பென்ஸ் கடைசியில் பாகம் பாகமாகக் கழன்று பஞ்சிகாவத்தைக்குப் போனது. 1983 ஜூலைக்குப் பிறகு முதலாளி குடும்பம் திருச்சிப் பக்கம் போய்விட்டது. அப்பாவிடம் மிஞ்சியது அந்த ரப்பர் குழாய் மட்டும். தம்பி வாங்கிய ஜப்பான் வேனில் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பொனட்டைத் திறந்து காதில் வைத்துப் பார்ப்பார்.

ராத்திரி அந்த டைவருக்குப் போன் பண்ணி, காரை எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"அதுக்கென்னங்க சேர்" என்றார். சற்றுப் பொறுத்து, "வேற யாராச்சும் எடுத்தா எங்க நம்பரக் குடுக்கச் சொல்லுங்க. பின்னால வலது பக்கக் கண்ணாடி, மழைக்காலத்துல ஒரேயடியா ஏத்தக் கூடாது. பாதி ஏத்தி, கொஞ்சம் எறக்கி, திரும்ப ஏத்தணும். இல்லாட்டி ரப்பர் சுருண்டு உள்ள போயிரும். அத மட்டும் சொல்லிரச் சொல்லுங்க சேர்" என்றார்.